ஓவியம் படித்தவருக்கு அனிமேஷன் வேலை: தடை எங்கே, திருத்த வேண்டியது எது

நுண்கலையில் பட்டம் பெற்றுப் பத்து மாதங்கள் ஆகின்றன என்றும், நூற்றுக்கு மேற்பட்ட அனிமேஷன் நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் நேர்காணல் வரை சென்றது இரண்டே முறைதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகள் படித்தது வீணாகிவிட்டதா, செலவு மிகுந்த இன்னொரு பயிற்சியில் சேர வேண்டுமா, செயற்கை நுண்ணறிவு பரவிவரும் நிலையில் இந்தத் துறையில் உங்களுக்கு இடம் இருக்குமா, இடையில் வேறு வேலைக்குப் போனால் அனிமேஷனைக் கைவிட்டதாக ஆகிவிடுமா என்பவை உங்கள் கேள்விகள். பல ஆண்டுகள் கதாபாத்திர அனிமேட்டராகப் பணியாற்றி, இப்போது புதியவர்களின் ரீல்களை, அதாவது தங்கள் வேலை மாதிரிகளைத் தொகுத்து அனுப்பும் குறுங்காணொளிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலும் இருப்பவன் என்ற முறையில், தேர்ந்தெடுப்பவர் என்ன பார்க்கிறார் என்பதிலிருந்து பதிலைத் தொடங்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய ரீலை மூன்று முறை பார்த்தேன். மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் அதில் கரித்துண்டால் வரைந்த மனித உருவங்கள், இரண்டு நிலக்காட்சி ஓவியங்கள், எட்டுக் கதாபாத்திர வடிவமைப்புகள், 3டியில் செய்த ஒரு வாள், ஒரே இடத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு சிறுவன் ஆகியவை வரிசையாக வருகின்றன. இரண்டாவது நிமிடம் கடந்த பிறகு, ஒரு மூதாட்டி நான்கு படிகள் ஏறி, நடுவில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கும் ஆறு விநாடிக் காட்சி ஒன்று வருகிறது. உங்கள் கையிலும் கண்ணிலும் குறையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த ரீலைப் பார்த்து முடிக்கும் ஒருவரிடம், "இவரைப் பணியில் அமர்த்தினால் திங்கட்கிழமை காலையில் எந்த வேலையைக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது. உங்களுக்குப் பதில் வராமல் இருப்பதற்கு உங்களால் திருத்தக்கூடிய காரணம் அதுதான். திருத்த முடியாத காரணம் இன்னொன்று இருக்கிறது. அதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் எல்லாப் பழியையும் உங்கள் மீதே போட்டுக்கொள்வீர்கள் என்பதால் அதை முதலில் விளக்குகிறேன்.

இணையவழித் திரைத் தளங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வளர்ந்த ஆண்டுகளில் அனிமேஷன் தொடர்கள் ஏராளமாகத் தொடங்கப்பட்டன, ஆட்களும் அதற்கேற்ப எடுக்கப்பட்டார்கள். 2022-ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் நெட்ஃபிளிக்ஸ் ஏறத்தாழ 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்நிறுவனத்துக்கு அப்படி நேர்ந்ததில்லை. அதன் பிறகு எண்ணிக்கையைப் பெருக்குவதிலிருந்து செலவைக் குறைப்பதற்குத் தளங்களின் கவனம் திரும்பியது, தயாரிப்பில் இருந்த தொடர்களே கைவிடப்பட்டன. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தங்களால் படப்பிடிப்புகள் நின்றபோது, அவற்றை நம்பியிருந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் கூடங்களுக்கு வர வேண்டிய வேலையும் நின்றது. 2024 மே மாதத்தில் அனிமேஷன் நிறுவனமான பிக்ஸார் தன் பணியாளர்களில் சுமார் 14 விழுக்காட்டினரை விடுவித்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது எம்பிசி, தி மில் போன்ற பெயர்பெற்ற கூடங்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் கதவடைத்தன. இவற்றின் விளைவு என்னவென்றால், ஐந்து, ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இன்று தொடக்கநிலைப் பணிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், நீங்கள் அவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறீர்கள். பதில் வராத விண்ணப்பங்களில் கணிசமானவற்றை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மௌனத்தை உங்கள் திறமைக்கு வழங்கப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதைவிடப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. புதியவர்களிடம் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கையால் வரைந்து படம் எடுத்த காலத்தில், புதிதாக வந்தவரை முதலில் இடைப்படம் வரைய அமர்த்துவார்கள். மூத்த அனிமேட்டர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்து கொடுப்பார். அவற்றுக்கு நடுவே வர வேண்டிய படங்களைப் புதியவர் வரைவார். பிறகு கோடுகளைத் துப்புரவு செய்யும் உதவியாளராகி, சில ஆண்டுகளில் சிறிய ஷாட்டுகளைத் தானே செய்யத் தொடங்குவார். அதாவது, கற்றுக்கொள்வதற்கே ஊதியம் கிடைத்தது. ஜப்பானிய அனிமே துறையில் 'டோகா' எனப்படும் இடைப்படப் பணியிலிருந்து 'கெங்கா' எனப்படும் முக்கியப் படப் பணிக்கு உயரும் அந்தப் படிநிலை இன்றும் இருக்கிறது. முழுநீளக் கணினி அனிமேஷன் 1995-இல் தொடங்கிப் பரவிய பிறகு, மற்ற இடங்களில் இடைப்படங்களைக் கணினியே கணக்கிட்டுத் தரத் தொடங்கியது, கையால் செய்ய வேண்டியவை கூலி குறைந்த நாடுகளுக்குப் போயின. ஏணியின் கீழ்ப்படி இல்லாமல் போனதால், ஒரு காலத்தில் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டதை இன்று வேலைக்கு வருமுன்பே கற்று, ரீலில் காட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் கல்லூரி அதைக் கற்றுத்தராதது அதன் குற்றமில்லை. ஓவியத்தைக் கற்றுத்தருவதுதான் அதன் பணி, அதை நன்றாகவே செய்திருக்கிறது. மீதியுள்ள தூரத்தை நீங்களே நடக்க வேண்டும் என்பதுதான் இன்றைய நிலை.

அந்தத் தூரத்தை எந்தத் திசையில் நடப்பது என்பதற்கு, ஒரு கூடத்தில் வேலை எப்படிப் பிரிகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கதையை ஸ்டோரிபோர்டு வரைபவர்கள் காட்சிகளாக்குகிறார்கள், வடிவமைப்பாளர்கள் உருவங்களையும் இடங்களையும் தீர்மானிக்கிறார்கள், மாடலர்கள் அவற்றை முப்பரிமாணத்தில் செய்கிறார்கள், ரிக்கிங் செய்பவர்கள் அந்த உருவங்களுக்கு எலும்பும் இயக்கக் கட்டுப்பாடும் கொடுக்கிறார்கள், லேஅவுட் குழு கேமராவை வைக்கிறது, அனிமேட்டர்கள் நடிக்க வைக்கிறார்கள், லைட்டிங் குழு ஒளியூட்டுகிறது, காம்போசிட்டிங் குழு எல்லா அடுக்குகளையும் ஒன்றுசேர்த்து இறுதிப் படத்தைத் தருகிறது. பெரிய கூடங்களில் ஒருவர் இவற்றில் ஒன்றைத்தான் செய்வார். நீங்கள் இவற்றில் ஐந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டியிருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்தவர் என்று எண்ணி மகிழ்வார்கள் என்பது உங்கள் எதிர்பார்ப்பு. ஆனால் ஒவ்வொரு குழுவின் தலைவரும் தன் பணிக்குரிய பகுதியை மட்டுமே பார்ப்பார், அங்கே அவருக்குக் கிடைப்பது இருபது விநாடிதான். அகல உழுவதை விட ஆழ உழு என்பது இங்கே நேரடியாகப் பொருந்தும்.

எந்தப் பணி யாருக்குப் பொருந்தும் என்பதில் ஓவியப் பட்டதாரிகளிடம் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் கதாபாத்திர வடிவமைப்பாளராகவோ, படத்தின் தோற்றத்தைத் தொடக்கத்தில் வரைந்து காட்டும் கான்செப்ட் ஓவியராகவோ ஆக விரும்புகிறார்கள். ஒரு படத்துக்கு அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே தேவைப்படுகிறார்கள், அந்த இடங்களும் பெரும்பாலும் நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கே போகின்றன. மாறாக, லைட்டிங்குக்கும் காம்போசிட்டிங்குக்கும் ஆட்கள் அதிகம் தேவை. வண்ணத்தின் வெம்மை, குளுமை, இருள் ஒளியின் படிநிலை, பார்வையாளரின் கண் எங்கே முதலில் போய் நிற்க வேண்டும் என்பது போன்றவற்றை நான்காண்டுகள் எண்ணெய் வண்ணத்தோடு போராடிக் கற்றவருக்கு, அந்தப் பணியின் கடினமான பாதி ஏற்கெனவே தெரியும். மென்பொருள் என்ற மறுபாதியைச் சில மாதங்களில் பழகிவிடலாம். நான் பார்த்த சிறந்த லைட்டிங் கலைஞர்களில் பலர் ஓவியம் படித்தவர்கள். ரிக்கிங் இன்னொரு கவனிக்கப்படாத வழி. உடற்கூற்றியலை வரைந்து வரைந்து அறிந்தவருக்குத் தோள்பட்டை எப்படிச் சுழல்கிறது, முழங்கை மடியும்போது தசை எங்கே திரள்கிறது என்பது தெரியும். அதனுடன் பைத்தான் நிரல்மொழியை ஓரளவு கற்றுக்கொண்டால் போட்டி குறைந்த ஒரு பணிக்குத் தகுதி பெறுகிறார். நிரல் எழுதுவது என்றாலே ஓவியர்கள் ஒதுங்கிப்போவதால்தான் அங்கே போட்டி குறைவு. காட்சிகளைத் தொடர்ச்சியாக யோசிப்பவர்களுக்கு ஸ்டோரிபோர்டு உண்டு. ஆனால் அதற்கு அழகான தனிப்படங்கள் உதவாது. இரண்டு மூன்று முழுக் காட்சித்தொடர்களை வரைந்து, இருவர் பேசும்போது பார்வைக்கோடு குழம்பாமலும், ஓடும் ஒருவர் ஷாட் மாறியதும் திசை மாறாமலும் கதை புரிகிறது என்று காட்ட வேண்டும்.

உங்கள் விஷயத்தில், அந்த மூதாட்டியின் ஆறு விநாடியைப் பார்த்த பிறகு எனக்கு ஐயமில்லை. நீங்கள் கதாபாத்திர அனிமேட்டராக வேண்டியவர். மற்ற எல்லாவற்றையும் நீங்கள் பாடமாகச் செய்திருக்கிறீர்கள். அதை மட்டும் யாரையோ கவனித்துச் செய்திருக்கிறீர்கள். நான்காவது படியில் அவர் நிற்பதற்கு முன்பே பார்வை மேலே போய், இன்னும் எத்தனை படி இருக்கிறது என்று பார்த்துத் திரும்புகிறது. அது எந்தப் பயிற்சிக் காணொளியிலும் இல்லாத கவனிப்பு. ஆகவே இனி எழுதுவதெல்லாம் அந்தப் பணியை மனத்தில் வைத்து எழுதுவது.

அனிமேட்டரின் ரீல் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முப்பது விநாடியில் நான்கு நல்ல ஷாட்டுகள் இருந்தால் அதுவே போதும். பார்ப்பவர் ஒரு நாளில் பல டஜன் ரீல்களைப் பார்க்கிறார், முதல் பத்து விநாடியிலேயே தொடர்ந்து பார்ப்பதா வேண்டாமா என்று மனம் முடிவெடுத்துவிடுகிறது; இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தாலும் உண்மை அதுதான். ஆகவே சிறந்தது முதலில் வர வேண்டும், இரண்டாவது சிறந்தது கடைசியில் வர வேண்டும். ஒரு ரீலின் தரத்தை அதிலுள்ள மிகப் பலவீனமான ஷாட்டை வைத்தே நாங்கள் எடைபோடுகிறோம். ஏனெனில் அதை நல்லது என்று நம்பி இவர் சேர்த்திருக்கிறார் என்பதே அவருடைய கண்ணின் அளவு. நடந்துகொண்டே இருக்கும் அந்தச் சிறுவனை நீக்கிவிடுங்கள். நடைச்சுழற்சி அவசியமான பயிற்சி என்பதில் மறுப்பில்லை. ஆனால் விநாடிக்கு 24 ஃபிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) என்ற கணக்கில் ஓர் அடிக்கு 12 ஃபிரேம்கள், கால் ஊன்றுதல், உடல் தாழ்தல், ஒரு கால் மற்றொன்றைக் கடத்தல், உடல் எழுதல் என்று பாடப்புத்தக ஒழுங்கில் நடக்கும் உருவத்தை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அதே சிறுவன் தாமதமாகிவிட்ட அவசரத்தில், ஒரு காலணியின் கயிறு அவிழ்ந்திருப்பதை அறிந்தும் நின்று கட்ட மனமில்லாமல் நடந்தால் அது ஷாட் ஆகிறது.

அனிமேஷனில் நாங்கள் முதலில் தேடுவது எடை. 1930-களில் டிஸ்னி கூடத்தில் உருவாகி, அங்கே பணியாற்றிய ஃபிராங்க் தாமஸும் ஒல்லி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுத்தில் தொகுத்து வெளியிட்ட 12 அடிப்படைகளை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நசுங்கலும் நீட்சியும், முன்னசைவு, வளைவுப் பாதை, நேர அளவு என்று அவற்றை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர். கனமான ஒரு பெட்டியைத் தூக்கும் உருவத்தை நம்பும்படி செய்பவர்கள் சிலர். பெட்டியைத் தூக்குபவர் கையால் தூக்குவதில்லை. கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, உடலின் எடையைப் பின்னோக்கிச் சாய்த்த பிறகுதான் அது தரையை விட்டு எழும்புகிறது. ஒரு காலைத் தூக்குவதற்கு முன் உடலின் எடை மறுகாலுக்கு மாறியே தீர வேண்டும். அது மாறாமல் கால் எழுந்தால், காரணம் தெரியாத பார்வையாளருக்கும் ஏதோ பொய்யாகத் தோன்றும். மனித உருவத்தை நேரில் பார்த்து வரைந்த உங்கள் பயிற்சி முழுவதும் இதைத்தான் கற்றுத்தந்தது. மாதிரியாக நின்றவர் எந்தக் காலில் நிற்கிறார் என்று முதல் கோட்டிலேயே கண்டுபிடித்தீர்கள் அல்லவா, அதையே இனி நேரத்தில் நீட்டி யோசிக்க வேண்டும். உங்கள் படிப்பு வீணாகவில்லை என்று நான் சொல்வதன் பொருள் இதுதான், ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

இரண்டாவதாகத் தேடுவது எண்ணம். ஒரு கதாபாத்திரம் முதலில் நினைக்கிறது, பிறகு கண் நகர்கிறது, அதன் பின் தலை, கடைசியில் உடல். பெரும்பாலான தொடக்கநிலை ரீல்களில் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்கின்றன, அல்லது பேசும் வசனத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் கை ஒரு முறை ஆடுகிறது. வசனம் பேசும் ஷாட் ஒன்று செய்யுங்கள். ஆனால் புகழ்பெற்ற படங்களின் ஒலித்துண்டை எடுக்காதீர்கள், பார்ப்பவரின் நினைவில் அந்த நடிகரின் முகம் வந்து உங்கள் உழைப்பை மறைத்துவிடும். தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு நீங்களே பத்து முறை நடித்துக் காணொளி எடுங்கள். முதல் மூன்று முறை வருவது எல்லோருக்கும் தோன்றும் நடிப்பு, ஏழாவது எட்டாவது முறையில்தான் உங்களுக்கே எதிர்பாராத ஒன்று வரும். அதை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரதி எடுக்காமல், எது கதையைச் சொல்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். உதட்டசைவில் ம, ப போன்ற ஒலிகளுக்கு வாய் முழுமையாக மூடியிருக்க வேண்டும், அதுவும் கண்ணுக்குப் புலப்படுமாறு குறைந்தது இரண்டு ஃபிரேம்களாவது. மற்ற எழுத்துகளில் சிறு பிழைகளைக் கண் மன்னித்துவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் ரிக்குகளை, அதாவது இயக்கக் கட்டுப்பாடு பொருத்தப்பட்ட ஆயத்த உருவங்களைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். அவற்றை நாங்கள் ஆயிரம் முறை பார்த்திருந்தாலும், உருவத்தை நாங்கள் மதிப்பிடுவதில்லை. உருவத்தைச் செய்தவர் யார், ரிக் யாருடையது, நீங்கள் செய்தது எது என்று ரீலின் கீழ் எழுதுங்கள். குழுவாகச் செய்த வேலையில் தங்கள் பங்கைக் கூட்டிச் சொன்னவர்கள் பிடிபடாமல் போனதில்லை. இது சிறிய உலகம், அந்தக் குழுவின் இன்னொருவர் எங்கள் கூடத்திலேயே இருப்பார். பின்னணி இசை வேண்டாம். பெயரும், விண்ணப்பிக்கும் பணியும், தொடர்பு முகவரியும் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டிரண்டு விநாடி இருந்தால் போதும். கடவுச்சொல் கேட்கும் இணைப்பையோ பதிவிறக்கம் செய்ய வேண்டிய கோப்பையோ அனுப்பினால் பலர் அதைத் திறப்பதே இல்லை.

விண்ணப்பிக்கும் நேரமும் ரீலுக்கு அடுத்த அளவு முக்கியமானது. கூடங்கள் ஆண்டு முழுவதும் சீராக ஆள் எடுப்பதில்லை. ஒரு படமோ தொடரோ கையில் வரும்போது, அந்தந்தக் கட்டத்துக்கு ஏற்ப எடுக்கின்றன. தொடக்கத்தில் ஸ்டோரிபோர்டும் வடிவமைப்பும், நடுவில் அனிமேஷன், முடிவை நெருங்கும்போது லைட்டிங்கும் காம்போசிட்டிங்கும். ஒரு கூடம் புதிய தொடரை அறிவித்த சில மாதங்கள் கழித்து அனிமேட்டர்களைத் தேடும். நூறு கூடங்களுக்கு ஒரே கடிதத்தை ஒரே வாரத்தில் அனுப்புவதை விட, பதினைந்து கூடங்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய பாணிக்கு நெருக்கமான ஷாட்டை முன்னால் வைத்து அனுப்புவது பயன் தரும். எண்பது பேர் கொண்ட கூடத்தை விட எட்டுப் பேர் கொண்ட கூடம் புதியவரை எளிதில் எடுக்கும். அங்கே பலவற்றையும் செய்யத் தெரிந்திருப்பது உதவவும் செய்யும். விளம்பரம், வீடியோ கேம், மருத்துவ விளக்கப் படங்கள், பாடத்திட்டக் காணொளிகள் போன்ற இடங்களிலும் அனிமேட்டர்களே பணிபுரிகிறார்கள். கேமில் ஓராண்டு சண்டை அசைவுகளைச் செய்தவருக்கு உடல் இயக்கத்தில் வரும் தெளிவு, பல திரைப்பட அனிமேட்டர்களிடம் கூட இருப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. தேர்வுக்காக ஒரு சிறிய ஷாட் செய்யச் சொல்வது வழக்கம்தான், ஓரிரு நாள் வேலை என்றால் செய்யுங்கள். ஆனால் கூடத்தின் நடப்புத் தொடரிலிருந்தே ஷாட்டுகளைக் கொடுத்து, ஊதியமின்றி இரண்டு வாரம் செய்யச் சொன்னால் அது தேர்வு இல்லை. பயிற்சிக் கட்டணம், பாதுகாப்பு வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள்; வேலை கொடுப்பவர் வேலைக்கு வருபவரிடம் பணம் வாங்குவதில்லை.

புதிய படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மென்பொருளைக் கற்பதற்காக மட்டும் பெருந்தொகை செலவழிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பிளெண்டர் 2002-இலிருந்து எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் திறமூல மென்பொருளாக இருக்கிறது. லாத்விய இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதைக் கொண்டு உருவாக்கிய 'ஃப்ளோ', 2025-இல் சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. ஜப்பானின் கிப்லி கூடம் பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளின் அடிப்படையில் அமைந்த ஓபன்டூன்ஸ் 2016-இலிருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது. பெரிய கூடங்களில் மாயா என்ற கட்டண 3டி மென்பொருள்தான் அதிகம் என்பது உண்மை. ஆனால் நன்றாக அனிமேட் செய்யத் தெரிந்தவர் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் சில வாரங்களில் மாறிவிடுவார் என்பதைக் கூடங்களும் அறியும். பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது ஒன்றே, உங்கள் ஷாட்டை வாரந்தோறும் பார்த்துக் குறை சொல்லக்கூடிய, இன்றும் துறையில் பணியாற்றுகிற ஒருவரின் நேரம். ஒரு படிப்பில் சேர்வதாக இருந்தால், பாடத்திட்டத்தின் நீளத்தைக் கேட்காதீர்கள். குறை சொல்பவர் யார், ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார், முந்தைய அணியினரின் ரீல்களைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதுவும் இயலாவிட்டால், உங்களைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒரு முறை ஒருவர் ஷாட்டை மற்றவர் திருத்தும் குழுவை அமைத்துக்கொள்ளுங்கள். என் தலைமுறையில் பலர் அப்படித்தான் தேறினோம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி, அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு படத்தின் தொடக்கத்தில் பத்து விதமான தோற்றங்களைக் காட்டச் சொல்லும் கான்செப்ட் பணிகளில் அதன் தாக்கத்தை நண்பர்கள் நேரடியாக உணர்கிறார்கள், அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அவர்களுடைய படங்களைக் கொண்டே அந்தக் கருவிகள் பயிற்றுவிக்கப்பட்டன. கதாபாத்திர அனிமேஷனில் நிலைமை சற்று வேறு. ஓர் இயக்குநர், "அவள் திரும்புவதை நான்கு ஃபிரேம் தாமதப்படுத்துங்கள், கை மட்டும் முன்பு போலவே இருக்கட்டும்" என்று சொல்லும்போது, அதை மட்டும் துல்லியமாக மாற்றித் தருவதுதான் எங்கள் அன்றாட வேலை. முழுக் காட்சியையும் புதிதாகத் தரும் கருவியால் அதை எளிதில் செய்ய முடிவதில்லை. மனிதப் படைப்பாக்கம் இல்லாத படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இல் வழிகாட்டியதும் தயாரிப்பாளர்களைத் தயங்க வைக்கிறது. இருந்தாலும் கருவிகள் மாறும், இடைநிலை வேலைகள் மேலும் குறையும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். அதனால்தான் எண்ணத்தையும் நடிப்பையும் பற்றி இவ்வளவு நீளமாக எழுதினேன். உங்கள் ரீலில் அவற்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்வதும் அதனால்தான்.

இடைக்காலத்தில் வேறு வேலைக்குப் போங்கள், அதில் எந்த இழுக்கும் இல்லை. வாடகைக் கவலையோடு செய்த ஷாட்டில் அந்தக் கவலை தெரியும். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள், மாலையில் இரண்டு மணிநேரமாவது கண்ணும் மூளையும் களைக்காமல் மிஞ்ச வேண்டும். நாள் முழுவதும் கணினித்திரையில் படம் திருத்தும் வேலையை விட, சிறுவர்களுக்கு ஓவியம் கற்றுத்தரும் வேலையோ, மனிதர்கள் வந்துபோகும் ஓரிடத்தில் நிற்கும் வேலையோ அனிமேட்டருக்கு நல்லது. மனிதர்கள் எப்படி உட்கார்கிறார்கள், எப்படி பொறுமையிழக்கிறார்கள் என்பதை நாள் முழுவதும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒரு சிறிய வரைவேட்டைக் கூடவே வைத்திருங்கள். இந்தக் கணக்கில், எட்டு முதல் பத்து விநாடி நீளமுள்ள ஒரு நல்ல ஷாட்டுக்கு ஆறு வாரம் ஆகும். பெரிய திரைப்படங்களில் முழுநேர அனிமேட்டரே வாரத்துக்குச் சில விநாடிகள்தான் முடிக்கிறார் என்பதால் அந்த வேகத்தை நினைத்துக் கூச வேண்டாம். அப்படி மூன்று ஷாட்டுகளுக்கு நான்கரை மாதம் ஆகும். அவற்றோடு அந்த மூதாட்டியும் சேர்ந்தால் உங்கள் ரீல் தயாராகிவிடும்.

மூதாட்டியின் ஷாட்டில் திருத்த வேண்டியவை இரண்டு. அவர் கைப்பிடியைப் பற்றும்போது கை மட்டும் போய்ச் சேர்கிறது, உடலின் எடை கைக்கு மாறவில்லை. தோள் சற்று உயர்ந்து, இடுப்பு கைப்பிடியின் பக்கம் ஓரங்குலம் சாய வேண்டும். முழங்கை மடிவதற்கு முன் மணிக்கட்டு அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து, மூச்சு வாங்கும்போது மார்பு மட்டும் ஏறி இறங்குகிறது. அந்த வயதில் படியேறிய மூச்சு தோளிலும் கழுத்திலும் தெரியும், முதல் மூச்சு நீளமாகவும் அடுத்தவை குறுகியும் வரும், மூன்றாவது மூச்சில் அவர் மீண்டும் மேலே பார்க்க வேண்டும். மற்றதில் எதையும் தொடாதீர்கள், குறிப்பாக அந்தக் கண்களை. திருத்தி முடித்ததும் அந்த ஷாட்டை மட்டும் எனக்கு அனுப்புங்கள். ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து எழுதுகிறேன்.